தேயாத நாலு டயர்

என் கணவருக்கு டயரைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் கார், ஆஸ்பத்திரி முன்னால் நிற்கும் ஜீப், கம்பெனி பஸ், எதுவாக இருந்தாலும் குனிந்து கட்டைவிரல் நகத்தால் ரப்பரை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வருவார். நகம் பதிந்தால் மெத்து ரப்பர், பதியாவிட்டால் கெட்டி ரப்பர். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் எவர்சில்வர் குடத்தோடு நாலடி தள்ளி நின்று, இந்த மனிதர் யாரோ எவரோ என்பதுபோல் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இது நடந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. அவர் கோயம்புத்தூர்ப் பக்கம், நான் விருதுநகர்ப் பக்கம். நாங்கள் இருந்த நெய்வேலியில் யாரைக் கேட்டாலும் இப்படி ஏதாவது ஒரு பக்கத்தைத்தான் சொல்வார்கள். அவருக்கு மைன்ஸில் பெல்ட் பிரிவில் வேலை. மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்து ஓடும் ரப்பர் பெல்ட் அறுந்துபோனால், இரண்டு முனையையும் சேர்த்துவைத்துச் சூடேற்றி ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் ரப்பர் சொல்யூஷன் வாசனை அடிக்கும். நான் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். ஊர் முழுக்க சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் முருங்கை மரத்தடியில் மட்டும் ஒரு கார் நின்றது. பிஸ்கட் நிறம், இரண்டே கதவு, நாலைந்து கை மாறி வந்த சின்னக் கார். அதில் கடைக்குக்கூடப் போக மாட்டார். கடைக்குச் சைக்கிள்தான்.

கார் எதற்கென்றால், வருஷத்தில் ஒரு நாளுக்கு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட பழைய ஓடுதளத்தில் வருஷத்துக்கு ஒரு முறை கார் பந்தயம் நடக்கும். வசதி படைத்தவர்களின் பெரிய பந்தயங்களுக்கு முன்னால், புதிதாக வருகிறவர்களுக்கென்று சின்னதாக ஒரு ஓட்டம் விடுவார்கள். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த காரையே அதில் ஓட்டலாம். இவருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்த ஒரு நாள்தான்.

"வருஷம் பூரா பெல்ட் ஓடறதையே நின்னு பார்த்துட்டிருக்கேன். ஒரே ஒரு நாள் நான் ஓடறனே புள்ள," என்பார். கோபமாகப் பேச வாயெடுத்தால் இப்படி ஒன்றைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

முதல் வருஷம் அவர் மட்டும் போனார். இரண்டு நாள் கழித்து மத்தியானம் கார் உறுமிக்கொண்டு வந்து மரத்தடியில் நின்றது. மனிதர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் காரைச் சுற்றிவந்து பார்த்தேன். காரோடு வந்த நாலு டயரும் வழுக்கையாகியிருந்தன. முன்பக்கம் ஒரு டயரில் ரப்பர் போய் உள்ளேயிருக்கும் நூல் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். இந்த நூலை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தாரா என்று நினைத்து வெடுக்கென்று விரலை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் நான் பேசியது செலவைப் பற்றி. "ஒரு நாள் கூத்துக்கு நாலு டயரா? இது நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று ஆரம்பித்து, அன்று சாயந்திரமே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். இனிமேல் வாங்கப்போவது நாலே நாலு டயர். அது தேய்ந்த அன்றைக்கு ரேஸ் முடிந்தது, காரை விற்றுவிட வேண்டும். அவர் சரி என்று தலையாட்டினார். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு ஒழுங்காக இருப்பதாக எனக்கும் ஒரு திருப்தி.

அதிலிருந்து தொடங்கியது டயர் வேட்டை. தேய்ந்தால் அதோடு சரி என்று ஆகிவிட்டதால், மனிதருக்கு எங்கே எந்த டயர் எத்தனை நாள் உழைக்கிறது என்பதே பேச்சு. புது நைலான் டயருக்குப் பண்ருட்டியில் எழுதி வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் அந்தத் தளத்தில் இரண்டு வருஷம் தாங்குமா என்பது சந்தேகம். சென்னைத் துறைமுகத்துப் பக்கம் கப்பலில் வந்த வெளிநாட்டு ரேடியல் டயர் கிடைக்கும் என்றார்கள். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் மெத்து ரப்பர், சீக்கிரம் கரைந்துவிடும் என்று ஒதுக்கினார். கடலூரில் ஒரு டாக்ஸிக்காரர், தன் காரில் போட்டிருக்கும் டயர் மூன்று வருஷமாக ஓடுகிறது என்று சத்தியம் செய்தார். இவர் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த டாக்ஸி ஒரு நாளைக்கு எத்தனை சவாரி போகும் என்று கேட்டார். ரெண்டு என்று பதில் வந்தது. அந்த டயரும் போயிற்று.

நெய்வேலிக்காரர்களுக்குத் தேய்மானம்தான் ஜென்ம விரோதி. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணற்கல் அப்படி. மண்ணை வெட்டும் ராட்சச சக்கரத்தின் இரும்புப் பல்லையே அது கொஞ்ச நாளில் மழுங்கடித்துவிடும். எங்கள் பிளாக்கில் நாலு ஆண்கள் கூடி நின்றால் எந்தப் பல் எத்தனை நாள் நின்றது, எந்த பெல்ட் எத்தனை மாசம் ஓடியது என்றுதான் பேசுவார்கள். தேயாதது எதுவோ அதுவே நல்ல சாமான். இதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. எனக்கும் இல்லை. அந்த ஊர்ச் சோற்றைத் தின்று அந்த ஊர்ப் புத்தி எனக்கும் வந்துவிட்டிருந்தது.

ஆகவே ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவர், சைக்கிளை ஸ்டாண்டு போடாமலேயே, "பெல்ட் ரப்பர்," என்றபோது எனக்கு அது ரொம்ப சரியாகப் பட்டது. பெல்ட்டின் மேல்தோலுக்குப் போடும் ரப்பர் சுருளாக வரும். நாள் கடந்துபோனால் வேலைக்கு ஆகாது என்று கழித்து ஏலம் விட்டுவிடுவார்கள். அதை எடுத்த பழைய சாமான்காரரிடம் இவர் ஒரு சுருள் வாங்கியிருந்தார். வழுக்கையான பழைய டயரின் மேல் அதை ஒட்டி வேகவைத்துவிட்டால் தீர்ந்தது. மணற்கல்லுக்கே தேயாத ரப்பர் சிமெண்டுத் தளத்துக்கா தேயும் என்று கேட்டார். நான் உள்ளே போய் இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். அன்று நாங்கள் இரண்டு பேரும் உலகத்தையே ஏமாற்றிவிட்டவர்கள்போல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இப்படிப் பழைய டயருக்குப் புதுத்தோல் போடும் ரீட்ரெட் வேலைக்கு நெல்லிக்குப்பத்தில் ஒரு கடை இருந்தது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர், லாரி டயரெல்லாம் அங்கேதான் மறுபிறவி எடுக்கும். நூல் தெரிந்ததற்குப் பதில் ஸ்டெப்னியைச் சேர்த்து, பஸ் கூரையில் நாலு டயரையும் ரப்பர் சுருளையும் கட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனோம். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். சுருளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, இழுத்துப் பார்த்து, மோந்து பார்த்தார்.

"இது மண்ணு சுமக்குற ரப்பருங்க சார். அதுவும் நாள்பட்டுக் கெட்டியாயிக் கெடக்குது. ரோட்டுல வச்சா வழுக்கிக்கினு போவும்," என்றார்.

"தேயுமா?"

"தேயறதுன்னா, அதெல்லாம் தேயாதுங்க. உங்க காலம் முடிஞ்சாலும் இது கெடக்கும்."

"அப்பப் போடுங்க," என்றார் இவர்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "யம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. இவரு இத்த மாட்டிக்கினு மெதுவாத்தான் ஓட்டணும்."

மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது என் காதில் தேனாகப் பாய்ந்தது. "போட்டுக் குடுங்கண்ணே, அவருக்குத் தெரியும்," என்று சொன்னது நான்தான். இதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

டயர் வேகும் நேரத்தில் திருவதிகைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தோம். நாலு டயரும் கன்னங்கரேலென்று, பட்டன் பட்டனாகப் புடைத்த பிடிப்புகளோடு, புதுசுபோல் சுவரில் சாய்ந்திருந்தன. இவர் நகத்தை அழுத்தினார். நகம்தான் வலித்தது. சந்தோஷத்தில் டயரைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதுபோல் இருக்கும். நல்ல தூக்கம். விடிகிற நேரத்தில் என்னை எழுப்பி, புடவையோடு ஒரு போர்வையையும் சுற்றிக் காரில் உட்காரவைத்துவிடுவார். டவுன்ஷிப்புக்குள் யாரும் இல்லாத அகலமான ரோடுகளில், போர்டில் போட்ட வேகத்துக்கு மேல் போகாமல், மரங்களுக்கு அடியில் ஊர்ந்து போவோம். வெட்டி முடித்த பழைய சுரங்கத்தை மண்ணால் நிரப்பி மட்டம் செய்த ஒரு வெளி இருந்தது. இன்னும் மரம் நடவில்லை. புல்லும் சரியாக முளைக்கவில்லை. பூமியின் வயிற்றிலிருந்து வந்த மண், வெளிறிய மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணுக்கு எட்டும்வரை கிடக்கும். காவல்காரர் எங்களைத் தெரிந்தவர். கையைத் தூக்கிக்காட்டிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொள்வார்.

அந்த வெளியில் இவர் வட்டம் போடுவார். பெரிய வட்டம், அதற்குள் சின்ன வட்டம், பிறகு எட்டுப் போட்டதுபோல் ஒன்று. நான் பக்கத்து சீட்டில் பாதித் தூக்கத்தில் இருப்பேன். முன்கண்ணாடியில் பவர் ஹவுஸ் புகைபோக்கி வரும், நகர்ந்து நகர்ந்து என் பக்கத்து ஜன்னலுக்கு வரும், காணாமல் போகும். அப்புறம் வானம் மட்டும். அப்புறம் தூரத்து முந்திரித் தோப்பு. மறுபடியும் புகைபோக்கி. பவர் ஹவுஸிலிருந்து எழும் வெண்ணிற ஆவி சூரியன் பட்டு இளஞ்சிவப்பாகி, அதுவும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். எங்கோ ஷிப்ட் சங்கு ஊதும். கார் ஓடுகிறதா, பூமியைத்தான் யாரோ எங்களைச் சுற்றித் திருப்புகிறார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றாது. கண்ணை மூடினால் கனவில் என் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள். கண்ணைத் திறந்தால் இவர் ஸ்டீயரிங்கில் கைவைத்துத் தனக்குள் ஏதோ முனகிக்கொண்டிருப்பார். அந்த முகத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பெல்ட் பிரிவில் வேலை செய்கிற முகம் இல்லை அது. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்திருந்தது.

வளைவில் கார் பின்னால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். மண் அல்லவா, எந்த டயர் போட்டாலும் மண்ணில் வழுக்கத்தான் செய்யும் என்றார். அது நியாயமாகவும் இருந்தது. வழுக்குகிற இடத்தில் ஓட்டி, டயர் வழுக்குமா என்று சோதித்துப் பார்த்த புத்திசாலிகள் நாங்கள். வீட்டுக்கு வந்ததும் டயரில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். ஒரு பட்டன்கூடக் குறைந்திருக்காது.

அந்த வருஷப் பந்தயத்துக்கு நானும் உடன் போனேன். பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் என்று காலை வெயிலில் பயணம். மடியில் புளியோதரை. பெரம்பூரில் அவருடைய அத்தை வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் விடியலில் சோழவரம் போய்ச் சேர்ந்தோம். ஓடுதளம் வெயில் ஏறஏறக் கானல் அடித்துக்கொண்டு தண்ணீர்போல் நெளிந்தது. தூரத்தில் ஓடும் கார்களுக்குச் சக்கரமே இல்லாததுபோல், தரையைத் தொடாமல் மிதந்து வருவதுபோல் தெரிந்தது. பெட்ரோல் வாசனையும் வேர்க்கடலை வாசனையும் கலந்து அடித்தன. பக்கத்தில் காரை நிறுத்தியிருந்த சென்னைக்காரர் ஒருவர் எங்கள் டயரைத் தட்டிப் பார்த்து, என்ன ரப்பர் என்று கேட்டார். இவர் பெருமையாகச் சொன்னார். அவர் இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

பந்தயத்துக்கு முன்னால் பழகிக்கொள்ள எல்லாரையும் இரண்டு மூன்று சுற்று விட்டார்கள். இவர் போய்விட்டு வந்தார். தண்ணீர் கேட்டார். சென்னைக்காரர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ பேசினார். இவர் வேண்டாம் என்பதுபோல் தலையாட்டினார். வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து, "மெதுவாப் போங்க," என்றேன். ரேஸுக்குப் போகிறவரிடம் சொல்கிற பேச்சைப் பாருங்கள்.

கொடி அசைந்தது. பத்துப் பதினைந்து கார்கள் ஒரே இரைச்சலாகக் கிளம்பின. முதல் சுற்றில் எங்கள் பிஸ்கட் கார் நடுவில் வந்தது. இரண்டாவது சுற்றில் இரண்டு பேரை முந்தியிருந்தது. நேர்ப்பாதையில் என்னைத் தாண்டிப் போனபோது நான் என்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டேன். அந்த நேர்ப்பாதையின் கடைசியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஒரு வளைவு செய்திருந்தார்கள். எல்லாரும் அங்கே குறைத்துத் திரும்பினார்கள். எங்கள் கார் குறைந்தது, ஆனால் திரும்பவில்லை. முன்பக்கம் ஒரு பக்கம் போக, பின்பக்கம் அதை முந்திக்கொண்டு வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. விடியலில் நான் தூங்கிக்கொண்டே சுற்றிய அதே சுற்றுத்தான். கானலில் சத்தமே இல்லாமல், மெதுவாக, அழகாகக்கூட இருந்தது என்று சொன்னால் என்னை மன்னித்துவிடுங்கள். கண்ணால் கண்டது அது. பின்னால் வந்த சிவப்புக் கார் ஒன்று அவருடைய கதவுக்கு ஒரு முழம் தள்ளி விலகிப் போனது. அதற்குப் பின்னால் வந்தது இன்னொரு பக்கம் விலகியது. எங்கள் கார் வைக்கோலில் முட்டி, வந்த திசையைப் பார்த்து நின்றது.

நான் ஓடினேன். யாரோ தடுத்தார்கள். அவர் தாமாகவே கதவைத் திறந்து இறங்கி, முழங்காலில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடினார். கிட்டே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"போய்ப் பாரு புள்ள, டயர் கொஞ்சங்கூடத் தேயல."

அந்த இடத்தில் அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.  புளியோதரையைத் தூக்குச்சட்டியில் போட்டு மூடிக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்து, கதவைப் படாரென்று சாத்தினேன். மத்தியானமே கிளம்பிவிட்டோம்.

செங்கல்பட்டு தாண்டினோம்.  ஏரிக்கரைகளில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புளியமரங்களின் நிழல் ஒவ்வொன்றாகக் காருக்குள் வந்து எங்கள் மடியில் படுத்துவிட்டுப் போனது. திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவராகவே ஆரம்பித்தார்.

"காத்தாலயே தெரியும்."

"என்ன தெரியும்?"

"டயர் பிடிக்கலைன்னு. பழகறதுக்கு விட்டாங்கல்ல, அப்பவே அந்த வளைவுல இழுத்துட்டுப் போச்சு. பக்கத்துல காரை நிறுத்தியிருந்தாரே, அவரும் பார்த்துட்டாரு. அவருகிட்ட இருந்த பழைய ரேடியல் நாலையும் மாட்டிக்கன்னு சொன்னாரு. சும்மாவே தரேன்னாரு."

"தெரிஞ்சும் ஏன் போனீங்க? மாட்டிக்க வேண்டியதுதானே?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது மெத்து ரப்பரு. இன்னிக்கே தேஞ்சு போயிருக்கும். தேஞ்சா விட்டுரோணும்னு சொன்னியே. இன்னொரு வருஷம் வரோணும்னுதான் இதுலயே போனேன்."

 செலவு என்று நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்கும் என்று தெரிந்தே அந்த வளைவுக்குப் போயிருக்கிறார். அந்தச் சிவப்புக் கார் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தால் நான் யாரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? வெட்கமாக இருந்தது. காரை நிறுத்தச் சொன்னேன். ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார்.

"நான் செலவுக்காகச் சொல்லல. போன வருஷம் அந்த டயர்ல நூலைத் தொட்டுப் பார்த்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. அதைச் சொல்லாமத்தான் டயரைச் சொன்னேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.  "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீனா நான் ரேஸுக்கே போயிருக்க மாட்டனே புள்ள," என்றார்.

"தெரியும்," என்றேன். "வருஷத்துல அந்த ஒரு நாளையும் பறிக்க மனசு வரல. அதனாலதான் சொல்லல."